பூசாவுக்கு இரண்டு நிலையம் முன்னால்

பாமன்கடையில் நான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்துக்கு நடந்து செல்ல அரை மணி நேரம் போதும். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே (எங்கள் பெற்றோர் கடைசிவரை அதை ஹை ஸ்ட்ரீட் என்றே அழைத்தனர்) காலி வீதிக்கு வந்து, அதனைக் கடந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் தண்டவாளம். அங்கிருந்து வடக்கே கோட்டைக்கு எத்தனை ஆயிரம் முறை சென்றிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தெற்கே செல்வது வேறு கதை. கொழும்புத் தமிழரிற் பலருக்குத் தெற்குப் பயணம் தெஹிவளையுடனோ கல்கிசையுடனோ முடிந்துவிடும். அதற்கு அப்பால் காலி வரை நீளும் பாதை நம்மவர்க்கு அந்நியமானதாகவே இருந்து வந்திருக்கிறது. அதற்குக் காரணம் வெறும் தூரம் மட்டுமன்று என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அண்மையில் அப்பாதையில் நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம் சென்று, தொடந்துவ என்னும் ஊரில் இறங்கி, ரத்கம களப்பின் நடுவே உள்ள ஒரு தீவில் ஓரிரவு தங்கித் திரும்பினேன். அத்தீவின் பெயர் பொல்கஸ்தூவ. சிங்களத்தில் தென்னைமரத் தீவு என்று பொருள். 1911ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு பௌத்த மடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் ‘தீவுத் தவச்சாலை’ எனலாம். பழந்தமிழில் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் இருந்தது: பள்ளி. சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடத்தையே நம் முன்னோர் அச்சொல்லாற் குறித்தனர். இன்று நாம் அதனைப் பாடசாலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

இத்தீவைப் பற்றி நான் முதலில் அறிந்தது நூல்களிலிருந்து. ஆனால் தொடந்துவ என்னும் நிலையத்தின் பெயர்ப்பலகையை அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருந்தேன். அது 1986ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினான்கு.

அந்நாட்களில் வடக்கிலிருந்து வரும் தாய்மார் சிலர் எங்கள் வீட்டில் ஓரிரவு தங்கிச் செல்வதுண்டு. உறவினர் சிலர், உறவினரின் அயலவர் சிலர். அனைவரும் காலிக்கு அருகிலுள்ள பூசா முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தம் பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாக அங்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. அவர்களுள் பருத்தித்துறையிலிருந்து வந்த ஒருவரை நாங்கள் மாமி என்று அழைப்போம். உண்மையில் என்ன முறை என்பது எனக்கு இன்றும் தெரியாது. மாமிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. நானோ பாமன்கடைத் தெருக்களில் விளையாடி வளர்ந்தவன். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

“தம்பி, நீ ஒருக்கா என்னோட வாவன். வழியில ஆரும் ஏதும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். அம்மா தயங்கினார். பின்னர், “போட்டு வா” என்றார்.

இருவரும் சென்றோம். நான் வாயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றிருந்தேன். மாமி உள்ளே சென்று திரும்பி வந்தார். அவர் கையில் காலையில் இரண்டு பொதிகள் இருந்தன. இரண்டிலும் பயத்தம் பணியாரமும் முறுக்கும். ஏன் இரண்டு என்று புகையிரதத்தில் கேட்டேன். “ஒண்டு அவனுக்கு. மற்றது ஆரும் பாக்க வராத பிள்ளைக்கு” என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். “அது எனக்கு எப்பிடித் தெரியும்? அங்க குடுத்தா ஆரோ ஒருத்தன் தின்னுவான்தானே” என்றார்.

தொடந்துவ, ரத்கம, பூசா. தெற்கு நோக்கிச் செல்லும்போது நிலையங்கள் இந்த வரிசையில் வருகின்றன. தொடந்துவவிலிருந்து இரண்டாவது நிலையம் பூசா. இந்த அடுத்தடுத்த இருப்பு தற்செயலானது. ஆயினும் தீவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் அதனை வெறும் தற்செயலாக என்னாற் கடந்து செல்ல முடியவில்லை. காரணம், அத்தீவை உருவாக்கியவரும் அங்கே வாழ்ந்தோரிற் பலரும் தம் வாழ்நாளில் நீண்ட காலத்தை முட்கம்பி வேலிகளுக்குள் கழித்தவர்கள். அவர்கள் செய்த குற்றம் ஒன்றுதான்: தாம் பிறந்த நாடு.

தீவை நிறுவியவர் ஞானதிலோக தேரர். இயற்பெயர் அன்ரன் கியூத். ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் 1878ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிராங்பேர்ட்டிலும் பாரிஸிலும் இசை பயின்ற வயலின் கலைஞர். வயலின் வாசித்துப் பிழைத்தபடியே கீழைத்தேயம் நோக்கிப் பயணம் செய்து, இலங்கை வழியாகப் பர்மாவை அடைந்து, அங்கே 1904இல் பிக்குவானார். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து நவீன காலத்தில் தேரவாதத் துறவு பூண்டவர்களுள் முதல்வராக அவரைக் கருதுவர். பாளி மொழியைக் கற்றுத் தேர்ந்து, புத்தரின் போதனைகளை ஜேர்மன் மொழியில் தந்தார்.

1911இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இலங்கை திரும்பிய அவர், தம் மாணவர்களுடன் தங்குவதற்கு ஓர் இடம் தேடினார். அப்போது காடு மண்டிக் கிடந்த பொல்கஸ்தூவ அவர் கண்ணிற் பட்டது. அவ்வாண்டு ஜூலை 9ஆம் திகதி மடம் தொடங்கியது. மரக் குடில்கள், சேற்றுக்கரை, கண்டற்காடு, பாம்புகள். ஐரோப்பியர் சிலர் காவியுடுத்துப் பிச்சைப் பாத்திரம் ஏந்தி ஊருக்குள் வருவதைத் தொடந்துவ மக்கள் முதலில் வியப்புடனும் பின்னர் பாசத்துடனும் பார்த்தனர். 1914இல் சுவிஸ் ஆதரவாளர் ஒருவரின் பொருளுதவியுடன், தீவின் உரிமையாளரான பறங்கியர் ஒருவரிடமிருந்து அது விலைக்கு வாங்கப்பட்டது.

இங்கு வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1913இல் ஞானதிலோக தேரர் கடுகண்ணாவைப் பகுதியில் வாழ்ந்த ரொடியா மக்களிடையே பணியாற்றத் தொடங்கினார். சிங்களச் சாதி அமைப்பின் அடித்தளத்துக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த மக்கள் ரொடியாக்கள். பிறர் வாசலில் ஏறவோ பிறர் கிணற்றைத் தொடவோ அனுமதிக்கப்படாதவர்கள். (யாழ்ப்பாணத்துச் சாதி வரலாற்றை அறிந்த நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று, கைநீட்டிக் குற்றம் சொல்லும் தகுதியும் நமக்கில்லை.) அவர்களுட் சிலரைத் தேரர் தீவுக்கு அழைத்து வந்து தங்கவும் படிக்கவும் வைத்தார். ரொடியாத் தலைவர் ஒருவரின் மகன் அங்கே சாமணேரராகத் துறவு பூண்டார். ஞானாலோக என்பது அவருக்குச் சூட்டப்பட்ட பெயர். இதனால் எழுந்த கண்டனங்களைத் தேரர் தம் நினைவுக் குறிப்புகளிற் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவர் பின்வாங்கவில்லை. அவர் மறைந்தபின் தீவின் தலைமைத் தேரராக அமர்ந்தவர் அதே ஞானாலோக தேரர்தான்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் வெடித்தது. பிரித்தானியக் குடியேற்ற நாடான இலங்கையில் ஜேர்மனியர் அனைவரும் ஒரே நாளில் எதிரி நாட்டவராயினர். காவியுடை அவர்களைக் காக்கவில்லை. முதலிற் கண்காணிப்பின் கீழ் தீவிலேயே இருக்க அனுமதிக்கப்பட்ட பிக்குகள், பின்னர் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போவர் போர்க் கைதிகளுக்காக அமைக்கப்பட்ட முகாம் அது. 1915இல் அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

அதன்பின் ஞானதிலோக தேரரின் வாழ்க்கை, நம்மவர் அகதிக் கதைகளை நினைவூட்டும் ஓர் அலைச்சல். 1916இல் அவுஸ்திரேலியாவில் விடுதலை. ஹவாய் வழியாகச் சீனா. பர்மா எல்லையை அடைய முயன்று தோல்வி. 1917இல் சீனாவும் போரில் இறங்கவே மீண்டும் தடுப்புக்காவல். 1919இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஜேர்மனிக்கு. மறு ஆண்டே இலங்கைக்குத் திரும்ப முயன்றார். போர் முடிந்துவிட்டது, ஆயினும் கதவு திறக்கவில்லை. ஜப்பானுக்குச் சென்று சில ஆண்டுகள் ஆசிரியராக வாழ்ந்தார். 1926இற்றான் மீள வர அனுமதி கிடைத்தது. தீவிலிருந்து கொண்டு செல்லப்பட்டு பத்தாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. குடில்கள் சிதைந்து, காடு மீண்டும் மூடியிருந்தது. அவருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

1936இல் தீவுக்கு வந்து சேர்ந்தார் சிக்மண்ட் பெனிகர் என்னும் இளைஞர். ஜேர்மனியின் ஹனாவ் நகரில் 1901இற் பிறந்த யூதர். புத்தக வணிகத் துறையில் பணியாற்றியவர். ஹிட்லரின் ஆட்சி வந்தபின் தாயாருடன் வியன்னாவுக்குச் சென்று, பின்னர் இலங்கைக்கு வந்து துறவு பூண்டு ஞானபோனிக ஆனார். தாயாரை மறக்கும் துறவன்று அது. 1939இல் அவரையும் இலங்கைக்கு வரவழைத்தார். கொழும்பில் சிங்களப் பௌத்தப் பெருந்தகை சேர் ஏர்னெஸ்ட் டி சில்வா குடும்பத்தின் ஆதரவு அத்தாய்க்குக் கிட்டியது. 1956இல் மறையும் வரை அவர் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த யூதருக்கு நேர்ந்தது என்ன என்பதை உலகறியும்.

அதே 1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதரான ஞானபோனிகவும், ஏற்கெனவே ஒருமுறை அனைத்தையும் இழந்த ஞானதிலோகவும் மீண்டும் ‘எதிரி நாட்டவர்’ என்ற பெயரில் தியத்தலாவைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அங்கிருந்து இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். ஹிட்லரை வழிபட்டவர்களும் அங்கே அடைபட்டிருந்தனர். ஹிட்லருக்குத் தப்பி ஓடியவர்களும் அடைபட்டிருந்தனர். வேலிக்கு அந்த வேறுபாடு தெரியாது. கடவுச்சீட்டில் எழுதியிருப்பதையே அது படிக்கும்.

அம்முகாம்களில் ஞானபோனிக சும்மா இருக்கவில்லை. சுத்தநிபாதம் போன்ற பாளி நூல்களை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்தார். சதிபட்டானம் எனப்படும் விழிப்புநிலைத் தியானம் பற்றிய மூலங்களைத் தொகுத்து மொழிபெயர்த்தார். அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய ஆங்கில நூல் 1954இல் வெளிவந்தது. இன்று மேற்குலகின் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் ‘மைன்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் புழங்கும் பயிற்சிக்குப் பின்னணியில் நிற்கும் நூல்களுள் அதுவும் ஒன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்து மூச்சை எண்ணும்போது, அச்சொல்லின் ஒரு வேர் இமயமலை அடிவாரத்துத் தடுப்பு முகாமொன்றில் இருக்கிறது என்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

1946இல் இருவரும் தீவுக்குத் திரும்பினர். அதன்பின் நடந்தது எனக்கு இவ்வரலாற்றின் மிக அழகான பகுதியாகத் தோன்றுகிறது. 1949இல் இரண்டு ஆங்கிலேயர் அங்கு வந்தனர். ஒஸ்பேர்ட் மூர், ஹரோல்ட் மஸ்ஸன் என்போர். இருவரும் போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவப் புலனாய்வுப் பிரிவிற் பணியாற்றியவர்கள். கைதிகளை விசாரிப்பது அவர்கள் தொழிலாக இருந்தது. அவர்களுடைய அரசினாற் கைதியாக்கப்பட்டிருந்த முதிய ஜேர்மனியரின் முன்னே மண்டியிட்டு அவர்கள் சாமணேரர் ஆயினர். ஞானமோலி, ஞானவீர என்பன அவர்களின் துறவுப் பெயர்கள். மறு ஆண்டு பம்பலப்பிட்டி வஜிராராமயவில் இருவரும் உபசம்பதா பெற்றனர். பாமன்கடையிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்தைக்கும் கதிரேசன் கோயிலுக்கும் போகும் வழியில் அவ்விகாரைத் தெருவை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அதன் மதிலுக்குள் இப்படி ஒன்று நிகழ்ந்ததென்று அப்போது தெரியாது.

ஞானமோலி 1960இல் மறையும்வரை ஏறத்தாழ முழுக் காலமும் தீவிலேயே வாழ்ந்தார். பாளி மொழியின் பெருநூல்களுள் ஒன்றான விசுத்திமக்கத்தை அங்கிருந்தே ஆங்கிலத்திற் பெயர்த்தார். 1956இல் அது கொழும்பில் அச்சாயிற்று. அந்நூலை ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இயற்றியவர் புத்தகோசர். தாம் முன்னர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவருடைய உரைநூலொன்றின் இறுதிக் குறிப்பு கூறுகிறது. அவர் காலத்தவரெனக் கருதப்படும் புத்ததத்தர் சோழநாட்டவர். காவிரிப்பூம்பட்டினத்துப் பள்ளியில் இருந்து நூல் செய்தவர். மணிமேகலையைத் தந்த நாட்டில் இது வியப்பன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பயின்ற அறிவு, அநுராதபுரத்தில் பாளியாகி, தொடந்துவத் தீவில் ஓர் ஆங்கிலேயரின் கையால் உலகுக்குச் சென்றிருக்கிறது. திருகோணமலையில் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே தமிழர் விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. பௌத்தம் சிங்களவருடையது, சைவம் தமிழருடையது என்று இரு தரப்பும் இன்று வரைந்து வைத்திருக்கும் கோட்டை அக்கற்கள் அறியா.

இனி என் பயணத்துக்கு வருகிறேன்.

கோட்டையில் காலைப் புகையிரதம் ஏறினேன். அது கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி கடந்து, நான் புறப்பட்ட வெள்ளவத்தையையே மீண்டும் தாண்டித்தான் தெற்கே செல்கிறது. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவவுக்கும் இடையே பெரலிய வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஒரு முழுப் புகையிரதத்தையும் புரட்டி, 1,500க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம் அது. பெட்டியில் இருந்தோர் சிலர் பேச்சை நிறுத்தினர். எதிரே இருந்த முதியவள் ஒருத்தி கைகூப்பினாள். நானும் கூப்பினேன்.

ஹிக்கடுவவில் இறங்கி முச்சக்கர வண்டியில் தொடந்துவ சென்றேன். ஏற்கெனவே கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்ததால் துறையில் தோணி காத்திருந்தது. தோணிக்காரருக்கு என்னைவிடச் சற்று வயது கூடுதல் இருக்கலாம். களப்பு அமைதியாக இருந்தது. கரையோரம் முழுதும் கண்டல் மரங்கள். நீர்க்காகங்கள் மூழ்கி மூழ்கி எழுந்தன. கடலும் காலி வீதியும் மிக அருகில் இருந்தும், சிறிது தூரம் துடுப்பு வலித்ததும் வாகன இரைச்சல் மங்கிவிட்டது.

தீவில் ஆரவாரமான கட்டடம் எதுவுமில்லை. புராதனச் சிற்பங்களையோ ஓவியங்களையோ எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். மரங்களுக்கிடையே ஒன்றையொன்று காணாத தூரத்திற் குடில்கள். அவற்றை இணைக்கும் நடைபாதைகள். அன்னதான மண்டபம், நூலகம். பாதையின் குறுக்கே கபறக்கொய்யா ஒன்று அவசரமின்றி நடந்து போயிற்று. எனக்குக் காட்டப்பட்ட அறையில் ஒரு கட்டில், ஒரு பாய், நுளம்பு வலை, ஒரு வாளி. அவ்வளவுதான். அங்கு தங்கும் இல்லறத்தார் எண்சீலம் காக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் உணவில்லை.

அன்றைய தானத்தை அக்கரையிலிருந்து ஒரு குடும்பம் கொண்டு வந்திருந்தது. மூன்று தலைமுறையினர். சோறு, பருப்பு, மீன், பலாக்காய். வரிசையில் நின்று பிக்குகளின் பாத்திரங்களில் இட்டனர். அதன்பின் அந்தப் பாட்டி என் தட்டிலும் இட்டாள். நான் யார் என்று கேட்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இத்தீவு வாழ்ந்து வருவது இப்படித்தான். ஜேர்மனியர், யூதர், ஆங்கிலேயர், ரொடியாச் சிறுவர் என யார் இருந்தாலும், சோறு தோணியில் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

மாலையில் ஞானதிலோக தேரரின் நினைவுச்சின்னத்தின் முன் நின்றேன். அவர் 1957 மே 28ஆம் திகதி கொழும்பிற் காலமானார். சுதந்திர சதுக்கத்தில் அரச மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டார். அஸ்தி தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. கல்லில் பாளி, சிங்களம், ஜேர்மன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒரே வாசகம். காரணத்தாற் பிறப்பன, அவை அழியும் விதம் ஆகியவற்றை உரைக்கும் பழைய பௌத்தச் செய்யுள் அது. தமிழ் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததும் தவறாக இருக்கலாம். ஆனாலும் கண் தேடியது.

அங்கே நிற்கையில் சில ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. ஞானதிலோக தேரர் 1950இல் இலங்கைக் குடியுரிமை பெற்றார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய பல இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அவர் இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1957 ஜூலை 26ஆம் திகதி, பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. இவற்றில் எதற்கும் அந்த முதிய துறவி பொறுப்பாளியல்லர். அவருக்குக் கிடைத்த குடியுரிமை தகுதியானவருக்குக் கிடைத்ததே. என் மனத்தை உறுத்தியது வேறு. எதிரி என்று முத்திரை குத்தப்பட்ட அந்நியரை மகனாக ஏற்கும் பெருமனம் இந்நாட்டுக்கு இருந்திருக்கிறது. அந்த மனம் தன் வீட்டிலேயே பிறந்தவர் விடயத்தில் எங்கே போயிற்று?

இரவு எட்டு மணிக்குத் தீவு இருளில் மூழ்கியது. அக்கரை விகாரையிலிருந்து பிரித் ஒலி சிறிது நேரம் வந்து ஓய்ந்தது. பின்னர் தெற்கே செல்லும் புகையிரதம் ஒன்றின் ஓசை நீரின் மேல் தெளிவாகக் கேட்டது. அடுத்து ரத்கம, அதற்கடுத்து பூசா. 1986இல் நாங்கள் இவ்வழியே சென்றபோதும் இந்தக் குடில்களில் யாரோ தியானத்தில் இருந்திருப்பர். 1987 மே, ஜூன் மாதங்களில் வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது பிடிக்கப்பட்ட இளைஞர்கள் கப்பலில் ஏற்றப்பட்டுக் காலித் துறைமுகம் வழியாகப் பூசாவுக்குக் கொண்டுவரப்பட்டபோதும் இருந்திருப்பர். அவர்களைக் குறை கூறவில்லை. இரண்டு நிலைய இடைவெளியில் இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று அறியாதிருப்பது எவ்வளவு எளிது என்பதையே எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலை அதே தோணி. தோணிக்காரர் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். பாமன்கடை என்றேன். தமிழரா என்றார். ஆம் என்றேன். முன்பு இப்பக்கம் வந்ததுண்டா என்றார். சிறுவனாக ஒருமுறை, பூசாவுக்கு, ஒரு தாயோடு என்றேன். துடுப்பை நீரிலிருந்து எடுத்தார். தோணி தானாக மிதந்தது.

“எங்கள் அண்ணனும் அங்கேதான் இருந்தார். எண்பத்தொன்பதில்” என்றார் சிங்களத்தில்.

ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் அதே முகாம் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்களால் நிரம்பியதை ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் நான் அறிவேன். தேதிகளும் அறிவேன். ஆனால் அதனை ஒரு தம்பியின் வாயிலிருந்து கேட்பது வேறு. “திரும்பி வந்தாரா?” என்றேன். “வந்தார். ஆனால் பழைய ஆளாக வரவில்லை” என்றார். பின்னர், “அம்மா வாரந்தோறும் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்” என்றார். துறை வரும்வரை இருவரும் வேறெதுவும் பேசவில்லை. 2009இல் போர் முடிந்தபின் பூசாவுக்கு மீண்டும் தமிழ்த் தாய்மார் வந்தனர் என்பதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

இத்தீவுக்குச் செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். இது சுற்றுலாத் தலமன்று. முன்கூட்டியே தொடர்பு கொண்டு அனுமதி பெறாமல் செல்லக் கூடாது. தங்குவதற்கான வசதி ஆண்களுக்கே உண்டு. பெண்கள் குடும்பத்தோடு தானத்துக்காகப் பகலில் சென்று வரலாம். வெண்ணிற அல்லது எளிய உடை, தாழ்ந்த குரல், அணைத்து வைத்த கைத்தொலைபேசி. கொழும்பிலிருந்து ஒரே நாளிற் சென்று திரும்பவும் இயலும். ஆனால் இயன்றவர் ஓரிரவு தங்குவதே நன்று. பகலில் அது ஓர் அழகிய தீவாக மட்டுமே தோன்றும்.

பருத்தித்துறை மாமியின் மகன் 1987 ஜூலை ஒப்பந்தத்தின் பின் விடுதலையானார். இப்போது கனடாவில் இருக்கிறார். அறுபதைத் தாண்டிவிட்டார். தொடந்துவவிலிருந்து திரும்பிய அன்றிரவு அவருடன் தொலைபேசியிற் பேசினேன். தீவைப் பற்றிச் சொன்னேன். ஞானபோனிக தேரரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டாவது பொதியைப் பற்றிக் கேட்டேன்: அம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு பொதி கொண்டு வந்தாரே, மற்றதை யார் சாப்பிட்டார்கள் என்று நினைவிருக்கிறதா?

“வவுனியாப் பெடியன் ஒருத்தன் இருந்தான். தாய் தகப்பன் இல்லை” என்றார். சற்று நேரம் பேசாதிருந்தார். “முறுக்கை ஒரு கிழமைக்கு வைச்சு வைச்சுத் தின்பான்.”

அவனுடைய பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. மாமி அதனை ஒருபோதும் கேட்டதுமில்லை.